போலர் டிரெய்லர் கூரை: ஒழுகலை அடைக்கும் முன் பள்ளத்தை நிமிர்த்துங்கள்

பழைய ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கூரை ஒழுகுது, எந்த சீலன்ட் நல்லது?" என்பதைத்தான். சீலன்ட் டியூபை ஓரமாக வைத்துவிட்டு ஒரு நீளமான மட்டப்பலகையைக் கூரைமேல் குறுக்கே வைத்துப் பாருங்கள் என்பேன். பலகைக்கும் கூரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது. பள்ளம் இருக்கிறவரை தண்ணீர் நிற்கும். தேங்கி நிற்கிற தண்ணீர் எந்த சீலன்டையும் ஒரு நாள் ஜெயித்துவிடும்.

என்னுடையது போலர் என்ற 13 அடி கேரவன், காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற சின்ன வீடு, 1970களில் செய்தது. நான் இருப்பது கனடாவின் ஒன்டாரியோ. இங்கே கோடையில் எந்த முகாம் மைதானத்துக்குப் போனாலும் இந்த முட்டை வடிவ வண்டி ஒன்றாவது கண்ணில் படும். வின்னிபெக்கில் ரே ஒலெக்கோ என்பவர் 1968இல் தொடங்கிய தயாரிப்பு இது. அதற்கு முன் அவர் ஃபைபர்கிளாஸில் செப்டிக் டேங்க் வடிவமைத்தவர். கழிவுத்தொட்டி செய்த கைதான் கேரவனும் செய்தது என்று சொன்னால் என் மனைவிக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. மேல் பாதிக்கு ஒரு அச்சு, கீழ்ப் பாதிக்கு ஒரு அச்சு, இரண்டையும் இடுப்பு வாக்கில் ஒட்டினால் கூடு தயார். மரச்சட்டம் கிடையாது, தகரம் கிடையாது. சின்னக் காரே இழுத்துக்கொண்டு போகும் எடை. 2018இல் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாட வின்னிபெக்கில் நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒன்றாகக் கூடின. அந்தக் காலத்து மரச்சட்டக் கேரவன்களில் பெரும்பாலானவை எப்போதோ மண்ணோடு மண்ணாகிவிட்டன.

சட்டமே இல்லாததுதான் இதன் பலம், கூரையைப் பொறுத்தவரை அதுவே பலவீனமும். சுவர்கள் வளைந்திருப்பதால் விறைப்பாக நிற்கும். கூரையின் நடுப்பகுதியோ கிட்டத்தட்ட தட்டை. என் வண்டியில் அந்த இடத்துக் கனம் 3 மி.மீ.தான். அதன் நடுவில் காற்றுப்போக்கிக்காக 14 அங்குலச் சதுரத்தில் ஓர் ஓட்டை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள்ளே இருக்கும் உயரமான துணி அலமாரி கூரைவரை எட்டி ஒரு தூண் போல முட்டுக் கொடுத்திருக்கும். இடம் அதிகமாகட்டும் என்று அந்த அலமாரியைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. அப்புறம் பனிக்காலம் வரும். கூரைமேல் பனி கூடும், நடுப்பகுதி மெல்ல இறங்கும். வசந்தத்தில் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும், இரவில் உறையும். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். காற்றுப்போக்கியின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தால் போதும், மிச்சத்தை ஒன்டாரியோ குளிர் பார்த்துக்கொள்ளும்.

எனக்கு முன்னால் வைத்திருந்தவர் இதற்கு ஒரு வைத்தியம் செய்திருந்தார். கூரை இறங்குகிறது என்று தெரிந்ததும், உள்பக்கமாக ஓட்டையைச் சுற்றி பிளைவுட் சட்டம் வைத்து, அதன்மேல் ஃபைபர்கிளாஸ் போர்த்தி மூடிவிட்டார். வெளியே சிலிக்கான் சீலன்டைக் குழைத்துக் குழைத்து அப்பியிருந்தார். காற்றுப்போக்கியின் திருகு ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் நேராக அந்தப் பிளைவுட்டுக்குள் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் மூடியிருப்பதால் அது காயவும் வழியில்லை. ஃபைபர்கிளாஸ் மக்காது என்று விளம்பரத்தில் சொல்வது உண்மைதான், ஆனால் அதற்குள் மூடி வைத்த மரம் மற்ற மரத்தைவிடச் சீக்கிரம் மக்கும்.

எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று பார்க்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, பிளாஸ்டிக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கேட்கும். ஊறிய இடம், ஒட்டு விட்ட இடம் 'தொப் தொப்' என்று கேட்கும். சத்தம் மாறுகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே சொட்டுகிற இடத்தை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். போலரின் உள்சுவரில் வினைல் மேற்பரப்புள்ள மெத்தை போன்ற ஃபோம் ஒட்டியிருக்கும். அது தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் ஃபோமுக்கும் கூட்டுக்கும் நடுவில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடி, தோதான இடத்தில் வெளியே வரும். கூரை நடுவில் நுழைந்த தண்ணீர் என் வண்டியில் படுக்கைப் பக்கத்து ஜன்னல் ஓரமாக எட்டிப் பார்த்தது. ஜன்னல் ரப்பரை மாற்றியிருந்தால் பணம்தான் தண்டம்.

நுழைவாயிலைக் கண்டுபிடிக்க ஒருவர் வெளியே தோட்டக் குழாயோடு, ஒருவர் உள்ளே டார்ச்சோடு. கீழே இருந்து மேலே போக வேண்டும். முதலில் இடுப்பு ஒட்டு, அப்புறம் ஜன்னல், அப்புறம் ரிவெட்டுகள், கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிறுத்தி, உள்ளே இருப்பவர் குரல் கொடுத்த பிறகுதான் அடுத்தது. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் புரியாது.

இனி பள்ளம். எதையும் அறுப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. கூரை தொய்ந்த நிலையில் ஒட்டுப் போட்டால் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும், புது ஃபைபர்கிளாஸ் அதே குழியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே இருந்து முட்டுக் கொடுத்து நிமிர்த்தி, நிமிர்ந்த நிலையிலேயே ஒட்டி, இறுகிய பிறகுதான் முட்டுக்கட்டையை எடுக்க வேண்டும்.

முட்டு எங்கே ஊன்றுகிறது என்பதைப் பாருங்கள். போலரின் தரை பிளைவுட். கூரை ஒழுகிய வண்டியில் தரையும் ஊறியிருக்க வாய்ப்பு அதிகம். ஜாக்கியை வெறும் தரையில் வைத்துத் திருகினால் கூரை ஏறுவதற்குப் பதில் தரை இறங்கும். நான் அடிச்சட்டத்தின் இரும்புக் கம்பிகள் ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, அவற்றின் மேல் குறுக்காக ஒரு கனமான பலகை போட்டு, அதன்மேல் ஜாக்கியும் மரக்கட்டையும் நிறுத்தினேன். கூரையைத் தொடும் முனையில் ஒரு பெரிய பிளைவுட் துண்டு, அதன்மேல் பழைய கம்பளி. சின்னத் துண்டு வைத்தால் அந்த ஒரே இடம் முட்டிக்கொண்டு கூட்டின் வெளிப்பூச்சான ஜெல்கோட் வெடிக்கும். ஓட்டையின் ஓரங்களில் தனியாகச் சின்ன முட்டுகளும் வேண்டும்.

வெயில் நாளில் செய்யுங்கள். வெயிலில் கூட்டின் பழைய பாலியெஸ்டர் பிசின் கொஞ்சம் இளகும். தினமும் சாயங்காலம் ஜாக்கியில் ஒரு சின்னத் திருகு, மறுநாள் மறுபடி. ஒரே மூச்சில் ஏற்றினால் எங்கோ கிரீச் என்று சத்தம் கேட்கும். அது நல்ல சத்தம் இல்லை. மட்டப்பலகையின் கீழே வெளிச்சம் மறைந்த பிறகும் நான் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன், முட்டுக்கட்டையை எடுத்ததும் சிறிது இறங்கும் என்பதால். கடைசிச் சோதனைக்கு ஒரு குவளைத் தண்ணீர் போதும். நடுவில் ஊற்றினால் எந்தப் பக்கமாவது ஓடிவிட வேண்டும். தயங்கி நின்றால் இன்னும் ஒரு திருகு.

அடுத்து அறுவை. மேலிருந்து அறுப்பதா, உள்ளிருந்தா? மேலிருந்து என்றால் வேலை சுலபம், பிசின் கீழ்நோக்கித்தான் ஓடும். ஆனால் வெளிக்கூடுதான் வண்டியின் முகம், அதை அறுத்து மறுபடி வளைவு மாறாமல் தேய்த்து எடுப்பது பெரிய பாடு. என் வண்டியில் வெளிக்கூடு விரிசலைத் தவிர நன்றாகவே இருந்தது, மக்கியதெல்லாம் உள்ளே. அதனால் உள்ளிருந்து, தலைக்கு மேல் கை தூக்கி. சின்ன கிரைண்டரில் மெல்லிய வட்டை மாட்டி, உள்தோலை மட்டும் பென்சில் கோட்டுக்கு வெளியே அறுத்து உரித்தேன். பிளைவுட் ஊறவைத்த காகித அட்டை போலக் கையோடு வந்தது. கறுப்பு, காளான் வாசனை, நடுவில் திருகாணிகள் துருப்பிடித்து மெலிந்து கிடந்தன.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டியும், பிசின் ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் உள்ள முகமூடி வேண்டும், மூடிய கண்ணாடி வேண்டும், முழு உடுப்பு வேண்டும். போலருக்குள் ஒரு ஆள் நின்றாலே கூட்டம், தூசி எங்கேயும் போகாது. வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த தண்ணீரில் குளியுங்கள். வெந்நீர் பட்டால் தோல் துளைகள் திறந்து கண்ணாடி இழை உள்ளே போய்விடும் என்று படகு வேலை செய்பவர்கள் சொல்வார்கள். காரணம் எப்படியோ, குளிர்ந்த தண்ணீரில் அரிப்பு குறைகிறது. துணியைத் தனியாகத் துவையுங்கள், இல்லையென்றால் வீடே சொறியும்.

உரித்த பிறகு காத்திருப்பதுதான் கஷ்டம். மேலே தார்ப்பாய், உள்ளே மின்விசிறியும் ஈரமெடுக்கும் கருவியும், கதவு மூடி. அசிட்டோனால் துடைத்தால் காய்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள், அது எண்ணெய்ப் பசையைத்தான் எடுக்கும். ஒரு அடிச் சதுரத்தில் கண்ணாடி போன்ற பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு வெயில் நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகு பழுதுபார்க்கிற நண்பர் ஒருவரிடம் போனில் அவசரப்பட்டேன். "அண்ணே, ஈரத்து மேல போட்டா அது ஒட்டாது, சும்மா படுத்திருக்கும். அலை அடிச்சா எந்திரிச்சிரும்" என்றார். எனக்கு அலை இல்லை, ஒன்டாரியோ நெடுஞ்சாலைக் குழிகள் இருக்கின்றன.

ஒட்டுவதற்கு எந்தப் பிசின், பாலியெஸ்டரா, எபாக்ஸியா என்ற சண்டைக்கு முடிவே இல்லை. வண்டியைச் செய்தது பாலியெஸ்டரில்தான். விலை குறைவு, அதன்மேல் ஜெல்கோட் நன்றாகப் பிடிக்கும். 100 கிராம் ரெசினுக்கு (பிசினுக்கு) அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 கிராம், 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தகராறு செய்யும். ஆனால் ஐம்பது வருஷப் பழைய கூட்டின்மேல் புதிதாக ஒட்டும்போது எபாக்ஸியின் பிடிப்பு கூடுதல். தலைக்கு மேல் தொங்கப் போகிற ஒட்டு என்பதால் நான் எபாக்ஸிக்குப் போனேன். எபாக்ஸி எடுத்தால் இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். ஒன்று, கடையில் கிடைக்கும் சாதா ஃபைபர்கிளாஸ் மேட்டை, அதாவது துண்டு இழைகளைப் பரப்பி ஒட்டிய விரிப்பை, வாங்காதீர்கள். அதன் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் மேட் விறைத்துக்கொண்டு வளைவில் படியாது. குறுக்கு நெடுக்காக இழை தைத்த பயாக்சியல் துணி வாங்குங்கள். இரண்டாவது, சீக்கிரம் இறுகட்டும் என்று எபாக்ஸியை இறுகவைக்கும் ஹார்டனரைக் கூட்டி ஊற்றாதீர்கள். பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட் அந்த வரம்புக்குள் முன்னே பின்னே இருந்தால் வேகம்தான் மாறும். எபாக்ஸியில் டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் தவறினால் அது எப்போதுமே முழுசாக இறுகாது. வேகம் வேண்டுமென்றால் வேக ஹார்டனர் தனியாக விற்கிறார்கள்.

ஊரில் பாலியெஸ்டர் கலக்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே இறுகும் வேகத்தைக் கூட்டும் கோபால்ட் ஆக்சிலரேட்டரைத் தனிப் பாட்டிலில் கொடுப்பதுண்டு. அதையும் கேட்டலிஸ்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது. கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

பழைய கூட்டின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல், சரிவாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப் போல 12 மடங்கு அகலம் என்பது படகுக்காரர்கள் கணக்கு. 3 மி.மீ. கூட்டுக்கு 36 மி.மீ., நான் 4 செ.மீ. வைத்துக்கொண்டேன். வெளிப்பக்க விரிசல்களையும் 'வி' வடிவத்தில் கீறித் திறந்தால்தான் பட்டி உள்ளே இறங்கும். மேலோட்டமாகப் பட்டி பார்த்தால் அடுத்த பனியில் அதே கோடு மறுபடி தெரியும்.

பிளைவுட்டுக்குப் பதிலாக அடைபட்ட நுண்ணறை உள்ள பிவிசி ஃபோம் பலகை வைத்தேன். படகுகளில் டிவினிசெல் என்ற பெயரில் அதிகம் பயன்படுவது. தண்ணீர் குடிக்காது, மக்காது. பின்பக்கம் கத்தியால் கட்டம் கட்டமாகப் பாதி ஆழம் கீறினால் கூரை வளைவுக்கு ஏற்ப வளையும். ஒரே குறை, திருகாணி அதில் பிடிக்காது. அதனால் காற்றுப்போக்கியின் திருகுகள் வரும் சுற்றில் ஃபோமை வைக்காமல், கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பிவிட்டேன். பின்னால் திருகு ஓட்டை ஒழுகினாலும் தண்ணீர் பலகைக்குள் போக வழியில்லை. முன்னவர் இதைச் செய்திருந்தால் பிளைவுட்கூடப் பிழைத்திருக்கும்.

தலைக்கு மேல் துணி ஒட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கூரையில் உலர்ந்த துணியைப் பிடித்துக்கொண்டு பிசின் பூசினால் பிசின் உங்கள் மேல்தான் விழும். வெளியே மேசையில் பாலிதீன் விரித்து, வெட்டிய துணியை அதில் போட்டு அங்கேயே நனையுங்கள். வெள்ளையாக இருக்கும் துணி பிசின் குடிக்கக் குடிக்கக் கண்ணாடி போலத் தெளியும். எங்கே வெள்ளைத் திட்டு நிற்கிறதோ அங்கே பிசின் போகவில்லை. பிளாஸ்டிக் வழிப்பானால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து மிச்சப் பிசினை வழித்துவிடுங்கள். துணி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. கூரையில் முன்பே கெட்டியாகக் குழைத்த எபாக்ஸியை மெல்லிசாகத் தடவி வைத்திருந்தால், பாலிதீனோடு துணியைத் தூக்கிப் போய் ஒட்டி, தடவிக்கொண்டே பாலிதீனை உரித்துவிடலாம். பெரிய துண்டாக வேண்டாம், முழங்கை நீளம் போதும். அலுமினிய உருளையால் உருட்டிக் காற்றுக்குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளுங்கள். சின்னத் துண்டு முதலில், அதைவிடப் பெரியது அதன்மேல், எல்லாம் ஒரே சாயங்காலத்தில், முந்தைய அடுக்கு இன்னும் பசபசப்பாக இருக்கும்போதே. கடைசி அடுக்கின்மேல் பீல் பிளை என்ற நைலான் துணியை ஒட்டிவிட்டு மறுநாள் உரித்தால் தேய்க்கும் வேலை பாதி மிச்சம்.

கலந்த பிசினை ஆழமான டப்பாவில் விடாதீர்கள். குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். அகலமான தட்டில் ஊற்றினால் நிதானமாக இருக்கும். கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். எபாக்ஸி ஒவ்வாமை ஒரு தடவை வந்துவிட்டால் ஆயுளுக்கும் விடாது.

இறுகிய எபாக்ஸியின்மேல் மெழுகு போல ஒரு படலம் வரக்கூடும். தேய்ப்பதற்கு முன் தண்ணீரும் ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவ வேண்டும். நேராக உப்புத்தாள் போட்டால் படலம் உள்ளே தேய்ந்து இறங்கி, பெயின்ட் பிடிக்காது. வெளிப்பக்கத்தில் விரிசல்களை எபாக்ஸி பட்டியால் நிரப்பியதால் ஜெல்கோட் யோசனையை விட்டுவிட்டு, இரண்டு பாகமாகக் கலக்கும் பாலியூரிதேன் படகு பெயின்ட் அடித்தேன். எபாக்ஸி வெயிலில் சிதையும், அதனால் பெயின்ட் அழகுக்கு மட்டும் இல்லை. நிறம் வெள்ளையே நல்லது. அடர் நிறக் கூரை கோடையில் அடுப்பாகிவிடும்.

பெயின்டுக்கு முன் எனக்கு அதிக நேரம் பிடித்தது முன்னவரின் சிலிக்கான். அது இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பசை தங்கி, பெயின்ட் மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். கத்தியால் சுரண்டி, சிலிக்கான் நீக்கியால் துடைத்து, துணியை மாற்றி மாற்றி மறுபடி துடைக்க வேண்டும். சிலிக்கானை உப்புத்தாளால் தேய்த்தால் ஊரெல்லாம் பரவும். கூரையில் சிலிக்கான் போடுகிறவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

காற்றுப்போக்கிக்கு பியூட்டில் டேப், அதாவது பிசுபிசுப்பான ரப்பர் பட்டை. விளிம்பு முழுக்க ஒட்டி, திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பியூட்டில் சுற்றிலும் பிதுங்கி வரட்டும். ஒரு வெயில் நாள் கழித்து மறுபடி இறுக்கினால் இன்னும் பிதுங்கும், அதைப் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டிவிடலாம். உள் அலமாரிகளைக் கூட்டோடு பிடித்திருக்கும் ரிவெட்டுகளில் ஆடியவற்றையும் துளைத்து எடுத்து, முனை மூடிய ரிவெட்டும் பியூட்டில் துணுக்கும் போட்டேன். சாதா பாப் ரிவெட்டின் நடுவில் ஓட்டை இருக்கும், தண்ணீருக்கு அதுவே போதும்.

கழற்றி எறியப்பட்ட அலமாரிக்குப் பதிலாக ஒரு மெல்லிய தூணும் தட்டுமாகப் புது அலமாரி செய்து அதே இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். மனைவிக்கு இடம் போனதில் வருத்தம். கூரை வேண்டுமா நடக்க இடம் வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

குளிர்காலத்தில் தார்ப்பாயை நேராகக் கூரைமேல் போர்த்தாதீர்கள். காற்றில் அது படபடக்கும்போது அடியில் உள்ள மணல் புதுப் பெயின்டைத் தேய்த்துவிடும். நீளவாக்கில் பிவிசி குழாயை வளைத்து நிறுத்தி, அதன்மேல் தார்ப்பாய் போட்டால் நடுவில் காற்றோட்டமும் இருக்கும், பனியும் சறுக்கி விழும். கனத்த பனி பெய்த மறுநாள் மென்மையான துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். இரும்பு மண்வெட்டி வேண்டாம்.